ஸ்டேஷனைச் சுற்றி 500 மீட்டர்: மாஸ்டர் பிளானுக்கு என்ன எழுதிக் கொடுப்பது?

ஜன்னல்சீட்:

வணக்கம். தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில், வண்டலூரைத் தாண்டி ஒரு ஸ்டேஷன் எங்களுடையது. பெயர் போடவில்லை. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் பாதிப் பேர் இங்கேயும் உலவுகிறார்கள், அங்கே நடக்கிற சண்டையே போதும்.

2022இல் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) எல்லை 1189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5904 ஆனபோது நாங்களும் உள்ளே வந்துவிட்டோம். அதனால் 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் மாஸ்டர் பிளான்தான் எங்கள் ஊருக்குச் சென்னையின் முதல் மாஸ்டர் பிளான். ஸ்டேஷனைச் சுற்றி எப்படி வளர வேண்டும் என்று சங்கம் சார்பில் எழுதிக் கொடுக்கலாம் என்று முடிவானது. அதோடு ஒற்றுமையும் முடிந்தது.

ஒரு கோஷ்டி, 500 மீட்டருக்குள் எஃப்எஸ்ஐயை (மனை அளவைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) நாலாக ஆக்கச் சொல், எல்லோரும் ரயிலில் போவார்கள், மனை விலையும் ஏறும் என்கிறது. இன்னொரு கோஷ்டி, இப்போதே தண்ணீர் லாரி வருகிறது, மாடி மேல் மாடி வேண்டாம் என்கிறது. நடுவில் கடிதம் எழுத வேண்டியவன் நான்.

இட நிலவரம்: ஒரு பக்கம் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலை, கடைகள், பஸ் ஸ்டாப். தண்டவாளத்துக்கு மறுபக்கம் எண்பதுகளில் போட்ட லேஅவுட்டுகள், அதற்குப் பின்னால் ஏரி. நடைமேம்பாலம் ஒன்றே ஒன்று, பிளாட்பாரத்தின் ஒரு முனையில். ஸ்டேஷன் வாசலில் நல்ல இடமெல்லாம் டூவீலர் ஸ்டாண்ட். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்பது?

நீலத்தாள்:

தம்பி (வயது தெரியாது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்), நான் நகரமைப்பு வேலையில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஸ்டேஷன் மேல் காம்பஸை ஊன்றி வட்டம் போடும் வேலையை நிறையச் செய்திருக்கிறேன். எனவே அந்த வட்டத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

500 மீட்டர் வட்டம் என்றால் சுமார் 78 ஹெக்டேர், 194 ஏக்கர். ஸ்டேஷனைச் சுற்றிய வளர்ச்சிக்கு 2017இல் மத்திய அரசு வெளியிட்ட கொள்கை 500 முதல் 800 மீட்டர் வரை என்கிறது. 800 போட்டால் 200 ஹெக்டேர். காகிதத்தில் பெரிய இடம்தான். தண்டவாளத்தையும் ரயில்வே நிலத்தையும் கழியுங்கள். ஜிஎஸ்டியைக் கழியுங்கள். ஏரி உள்ளே வந்தால் அதையும். மிச்சத்தில் ஒருவர் 500 மீட்டர் நடந்து ஸ்டேஷனை அடையக்கூடிய இடம் எவ்வளவு? தெருக்கள் குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்காக வெட்டிக்கொண்டால்கூட வட்டத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் தேறும். உங்கள் லேஅவுட்டுகளில் தெரு ஒழுங்கு எப்படி இருக்கும் என்று பார்க்காமலே சொல்வேன்: ஒவ்வொருவரும் தன் மனைகளை விற்க ஒரு வாசல் வைத்துத் தெரு போட்டிருப்பார், பக்கத்து லேஅவுட்டோடு சேராது, கடைசியில் காம்பவுண்டுச் சுவர். மறுபக்கத்தில் ரயில் ஹார்ன் வீட்டுக்குள் கேட்கிறவர் ஸ்டேஷனுக்கு வர ஒரு கிலோமீட்டர் சுற்றுவார். அப்புறம் எதற்கு நடப்பது என்று வண்டியை எடுப்பார். அந்த வண்டிதான் உங்கள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது.

அதனால் கடிதத்தோடு வட்டம் போட்ட படத்தை இணைக்காதீர்கள். நடந்து அளந்த படத்தை இணையுங்கள்.

இப்போது எஃப்எஸ்ஐ. நாலு கேட்கிற கோஷ்டிக்கு ஒரு கணக்கு சொல்லுங்கள். 2019 கட்டட விதிகளில் சாதாரணமாக 2. ஒரு கிரவுண்ட் 2400 சதுர அடிக்கு 4800 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ வாங்கலாம், ஆனால் அது மனைக்கு முன்னால் இருக்கிற சாலை அகலத்தைப் பொறுத்தது. 9 மீட்டர் சாலை என்றால் 30 சதவீதம், 12 மீட்டர் என்றால் 40, 18 மீட்டரும் அதற்கு மேலும் என்றால் 50. 9 மீட்டருக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. 9 மீட்டர் என்பது 30 அடி. எண்பதுகளின் லேஅவுட்டில் உள்தெரு 20 அடி, 23 அடி. ஆக, ஸ்டேஷனை ஒட்டிய பெரும்பாலான மனைகளுக்கு அந்தக் கூடுதலை வாங்கும் தகுதியே கிடையாது. தகுதி யாருக்கு? ஜிஎஸ்டி முகப்பில் இருப்பவருக்கு. அவர் கட்டப்போவது பெரும்பாலும் கார் ஷோரூம், கல்யாண மண்டபம். இரண்டுக்கும் யாரும் மின்சார ரயிலில் வருவதில்லை.

வட்டத்துக்குள் எஃப்எஸ்ஐயை மட்டும் ஏற்றினால் இதுதான் நடக்கும். விதியில் சாலை அகலத்தை வைத்திருப்பதைக் குறை சொல்ல மாட்டேன். 20 அடித் தெருவில் ஏழு மாடி வந்தால் தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும்? ஆகவே முதலில் தெரு, அப்புறம்தான் மாடி. ஒரு கிரவுண்டில் சுற்றிலும் செட்பேக் என்கிற காலி இடம் விட்டு, கீழ்த்தளத்தைத் தூண் மட்டும் நிற்கிற ஸ்டில்ட் பார்க்கிங்குக்கு விட்டால் அந்த 2ஐயே பலரால் முழுசாக எடுக்க முடிவதில்லை என்பது வேறு விஷயம்.

ரயில் வந்தால் வளர்ச்சி தானாக வரும் என்கிறவர்களுக்குப் பறக்கும் ரயிலைக் காட்டுங்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம், 1997இல் மயிலாப்பூர், 2007இல் வேளச்சேரி. ஸ்டேஷன் கட்டடங்களைப் பிரமாண்டமாகக் கட்டினார்கள், கடையும் அலுவலகமும் வாடகைக்கு வரும் என்று. திருமயிலை ஸ்டேஷனுக்குள் நின்று மேலே பார்த்தவர்களுக்குத் தெரியும், வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த தளங்கள் எவ்வளவு என்று. காரணம் பெரிய ரகசியம் இல்லை. நிலம் எளிதாகக் கிடைக்கிறது என்று பக்கிங்காம் கால்வாயின் மேலேயே பாதை போட்டார்கள். கால்வாய்க் கரையில் முன்பக்கம் பார்த்த தெரு ஏது? எல்லா வீடும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டேஷன் இறங்கினால் ஒரு சந்து, ஒரு முள்கம்பி, சாக்கடை வாசனை. அதே பாதையில் திருவான்மியூர் மட்டும் எப்படிக் களைகட்டியது? 2000இலேயே டைடல் பார்க் அங்கே வந்துவிட்டது, ரயில் 2004இல் வந்தது, இறங்கினால் நடக்கிற தூரம். ரயிலை விட்டு இறங்குகிறவருக்குப் போக ஒரு இடமும் போக ஒரு வழியும் இருந்தது.

உங்கள் லைனிலேயே இன்னொரு பாடம் மறைமலை நகர். சிஎம்டிஏ எண்பது வாக்கில் துணை நகரமாகத் திட்டமிட்டது. என்எச்-1, என்எச்-2 (நெடுஞ்சாலை இல்லை, நெய்பர்ஹுட்) என்று பகுதி பிரித்து, அகலமான தெரு, பூங்காவுக்கு இடம், எல்லாம் தாளில் வரைந்தபடி தரையில் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் நடந்து பாருங்கள், தெரு என்றால் என்ன என்று புரியும். ஆனாலும் நினைத்த வேகத்தில் ஊர் நிறையவில்லை. பீச்சிலிருந்து வருகிற வண்டிகளில் நிறைய தாம்பரத்தோடு நின்றுவிடும். நாற்பது நிமிஷத்துக்கு ஒரு வண்டி வருகிற ஸ்டேஷனை நம்பி யாரும் காரை விற்க மாட்டார்கள். எனவே உங்கள் கடிதத்தில் வண்டி இடைவெளியும் வர வேண்டும். ரயில்வே மத்திய அரசு, சிஎம்டிஏ மாநில அரசு, தெரு உள்ளாட்சி, ஜிஎஸ்டி தேசிய நெடுஞ்சாலை. நால்வருக்கும் நகல் போடுங்கள். இவர்களை ஒரே மேஜையில் உட்கார வைக்கத்தான் கும்டாவுக்கு (சென்னையின் ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம்) 2010இலேயே சட்டம் போட்டார்கள், அவர்களுக்கும் ஒன்று.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு உங்களுக்குத் தூரம் போக வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30ஆம் தேதி திறந்தது. ஜிஎஸ்டிக்கு அந்தப் பக்கம் தண்டவாளம் ஓடுகிறது. திறந்த அன்றைக்கு அங்கே ரயில் நிலையம் கிடையாது. மதுரையிலிருந்து விடியற்காலை வந்து இறங்கியவர் ரயில் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வண்டலூருக்கோ ஊரப்பாக்கத்துக்கோ ஆட்டோ பேசினார்.

முதல்பெட்டி:

நீலத்தாள் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் பகலில் நடக்கிறவரின் கணக்கு அது. நான் பூங்கா ஸ்டேஷன் பக்கம் வேலை பார்க்கிறேன், வீடு கூடுவாஞ்சேரி. திரும்ப இறங்கும்போது இரவு ஒன்பதரை ஆகும். எங்கள் தெரு 30 அடிக்கு மேல் இருக்கிறது, தார் போட்டிருக்கிறது. நான் அதில் நடப்பதில்லை. அதற்குப் பக்கத்தில் கோணலாக ஒரு குறுகிய தெரு, மாவு மில், இஸ்திரி வண்டி, ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு டிபன் கடை. சுற்று என்றாலும் அதில்தான் போகிறேன், பத்து மணி வரைக்கும் ஆள் இருக்கும்.

அகலத் தெருவில் என்ன பிரச்சினை என்றால், இரண்டு பக்கமும் புது அபார்ட்மென்ட். கீழே முழுக்க ஸ்டில்ட் பார்க்கிங், முன்னால் எட்டடிச் சுவர், ஒரு இரும்பு கேட். முதல் மாடியில் ஆள் இருப்பார்கள், தெருவில் இல்லை. இதை ஸ்டேஷனைச் சுற்றி நாலு மடங்காக ஆக்கினால் இரவில் இன்னும் மோசம். அதனால் ஜன்னல்சீட், கடிதத்தில் ஒரு வரி சேருங்கள்: ஸ்டேஷனுக்குப் போகிற தெருக்களில் கீழ்த்தளம் கடையாகவோ திண்ணையாகவோ திறந்திருக்க வேண்டும், பார்க்கிங் பின்னால் போகட்டும். ஸ்டேஷனுக்கு இவ்வளவு பக்கத்தில் வீட்டுக்கு வீடு இரண்டு கார் நிறுத்தும் இடம் எதற்கு என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. வாடகைக்கு இருப்பவர்கள் உங்கள் சங்கத்தில் இருக்கிறார்களா? இருக்க மாட்டார்கள். தினமும் ரயிலில் போகிறவர்களில் பெரும்பாலோர் அவர்கள்தான். ஸ்டேஷன் பக்கத்தில் பழைய வரிசை வீடுகளில் குறைந்த வாடகைக்கு இருந்தவர்களை இடித்துக் கட்டும்போது வெளியே அனுப்பிவிட்டு, அங்கே கார் வைத்திருப்பவர்களைக் குடிவைத்தால் ரயிலுக்கு என்ன லாபம்? சென்னையில் ஏற்கெனவே அப்படித்தான் நடந்திருக்கிறது. கால்வாய்க் கரைகளிலிருந்து எடுத்த குடும்பங்கள் நிறைய கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போயின. இரண்டு இடத்திலும் ரயில் இல்லை. வேலைக்கு நகரத்துக்குள் வர இரண்டு பஸ்.

சென்டரிங்:

நான் சைட் இன்ஜினியர், சின்ன பில்டர்களுக்கு வேலை செய்கிறேன். திட்டுங்கள், பரவாயில்லை. முதலில் தெரு அப்புறம் மாடி என்று ஐயா சொல்லிவிட்டார், கேட்க நன்றாக இருக்கிறது. 20 அடித் தெருவை 30 ஆக்க இரண்டு பக்கமும் ஐந்தைந்து அடி வேண்டும். யார் கொடுப்பார்கள்? ஒரு கிரவுண்டுக்காரருக்கு முகப்பு 40 அடி என்றால் 200 சதுர அடி போகும். இன்றைய விலையில் அது அவர் பெண் கல்யாணச் செலவு. சும்மா கொடுங்கள் என்றால் கோர்ட்டுக்குப் போவார், பத்து வருஷம் ஓடும். ஆனால் அதே ஆளிடம் ஜாயிண்ட் வென்ச்சர் (நிலம் அவருடையது, கட்டுவது பில்டர், ஃப்ளாட்டில் பங்கு) பேசி, கூடுதல் எஃப்எஸ்ஐ வந்தால் உங்களுக்கு இன்னொரு ஃப்ளாட் என்று சொன்னால் ஐந்தடி தானாக வரும். ஆசையைக் காட்டாமல் நிலம் நகராது. எஃப்எஸ்ஐ முதலில், தெரு அதன் பின்னால் வரும். நான் பார்த்த உலகம் அதுதான்.

வாஷிக்காரன்:

நவி மும்பையிலிருந்து எழுதுகிறேன், வாஷியில் ரொம்ப நாளாக வாசம். புறநகர் ரயிலும் ஊரும் சேர்ந்தே திட்டமிட்ட இடம் இந்தியாவில் இது என்பதால் சொல்லத் தோன்றியது.

நவி மும்பையைத் திட்டமிட்ட மகாராஷ்டிர அரசு நிறுவனமான சிட்கோ 1970இல் ஆரம்பித்தது. மான்குர்ட்டிலிருந்து கடற்கழி மேல் பாலம் போட்டு வாஷிக்கு ரயில் 1992இல் வந்தது. அந்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு சிட்கோ கொடுத்தது, மீதி ரயில்வே. ஏன் கொடுத்தார்கள்? சுற்றியிருந்த நிலமெல்லாம் அவர்கள் கையில். ரயில் வந்தால் விலை ஏறும், ஏறிய விலை அவர்களுக்கே வரும். பயணச் சீட்டிலும் ஒரு சர்சார்ஜ் வைத்தார்கள். வாஷி ஸ்டேஷன் கட்டடமே அலுவலகக் கட்டடம், பேலாபூரும் அப்படித்தான். மழையில் நனையாமல் பிளாட்பாரத்திலிருந்து ஆபீஸுக்குள் போகிறவர்கள் இங்கே உண்டு.

ஆனால் இதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிலம் முதலிலேயே கிராமத்து ஆட்களிடமிருந்து எடுக்கப்பட்டது. அவர்கள் போராடி, ரத்தம் சிந்தி, எடுத்த நிலத்துக்குப் பதிலாக 12.5 சதவீதம் வளர்ந்த மனை என்ற திட்டத்தைப் பெற்றார்கள். உங்கள் ஊரில் நிலம் ஏற்கெனவே ஆயிரம் பட்டாவாக உடைந்து கிடக்கிறது. சிட்கோ வழி உங்களுக்குக் கிடையாது.

நீலத்தாள்:

சென்டரிங் தம்பியைத் திட்ட மாட்டேன். அவர் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: தனித்தனியாக ஒவ்வொருவரும் இடித்துக் கட்டும்போது ஐந்தடி விட்டால், தெரு பல் விழுந்த வாய் மாதிரி ஆகும். ஒரு வீட்டு முன்னால் உள்ளே போய், அடுத்த வீட்டில் வெளியே வந்து. உள்ளே போன ஐந்தடியில் அந்த வீட்டுக்காரரின் கார்தான் நிற்கும். இருபது வருஷம் கழித்தும் அது 20 அடித் தெருவாகவே இருக்கும், மாடிகள் மட்டும் ஏறியிருக்கும். ஆசையைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; தெரு முழுக்க ஒப்புக்கொண்டால்தான் அந்தத் தெருவுக்குக் கூடுதல் எஃப்எஸ்ஐ என்று நிபந்தனை போடுங்கள்.

வாஷிக்காரர் கேட்காமலே நல்ல இடத்தைத் தொட்டார். பட்டா உடைந்த இடத்தில் என்ன செய்வது? குஜராத்தில் நகரமைப்புத் திட்டம் என்று ஒன்று செய்கிறார்கள், 1915ஆம் வருஷத்து பம்பாய்ச் சட்டத்திலிருந்து வருகிற பழக்கம். ஒரு பகுதியின் நிலத்தை எல்லாம் காகிதத்தில் ஒன்றாகச் சேர்த்து, தெருவுக்கும் பூங்காவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கி, மீதியை ஒழுங்கான மனைகளாக உரியவர்களுக்கே திருப்பிக் கொடுப்பது. அளவு குறையும், முகப்பும் விலையும் கூடும். ஜப்பானிலும் இதே வேலைதான். டோக்கியோவின் தென்மேற்கே டென்-என்-தோஷி லைன் 1966இல் நீண்டபோது, டோக்யூ ரயில் கம்பெனி நில உரிமையாளர்களோடு சேர்ந்து இப்படித்தான் நிலத்தைத் திருத்திப் பிரித்து, ஒதுக்கிய நிலத்தை விற்று, தெருவும் ஊரும் உண்டாக்கியது. வீடு ஏறிய மனைகளில் இதைச் செய்வது கஷ்டம். ஆனால் ஏரிக்கும் லேஅவுட்டுக்கும் நடுவில் இன்னும் கட்டாத பழைய வயல் நிலம் இருக்குமே, அங்கே செய்யலாம். விற்றுத் தீர்வதற்கு முன்னால் செய்ய வேண்டும், அதுதான் அவசரம். ஏரியின் வரத்துக் கால்வாய் எங்கே என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 2015 மழையில் முடிச்சூர் பட்ட பாட்டை உங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

முதல்பெட்டி அம்மா எழுதியதை அப்படியே கடிதத்தில் போடுங்கள். வரைபடத்தில் ஸ்டில்ட் பார்க்கிங் வெள்ளையாகத்தான் இருக்கும், இரவில் அது எப்படி இருக்கும் என்று எங்கள் மேஜையில் யாரும் கேட்டதில்லை.

ஜன்னல்சீட்:

எல்லோருக்கும் நன்றி. இப்போது இப்படி எழுதலாம் என்றிருக்கிறேன். முதலில் பிளாட்பாரத்தின் மறுமுனையில் இரண்டாவது நடைமேம்பாலம், டிக்கெட் எடுக்காமலும் இரண்டு பக்கத்து ஊரும் கடக்கிற மாதிரி. அடுத்து, மறுபக்கத்து லேஅவுட்டுகளில் முட்டிக்கொண்டு நிற்கும் தெருக்களைத் திறந்து சேர்ப்பது. தெரு முழுக்க 30 அடி ஆன பிறகு அங்கே மட்டும் கூடுதல் எஃப்எஸ்ஐ, அதில் ஒரு பங்கு சின்ன வாடகை வீடுகளுக்கு. வயல் நிலத்துக்கு நில ஒருங்கிணைப்பு. வண்டி இடைவெளி தனிக் கடிதம்.

முதல்பெட்டி சொன்னது உண்மை, சங்கத்தில் வாடகைதாரர் யாரும் இல்லை. சேர்க்கலாம் என்று சொன்னேன், தலைவருக்குக் கொஞ்சம் முகம் மாறியது. சென்டரிங், "ஆசை" பகுதியை நீங்கள் எழுதித் தர முடியுமா? நாலு கேட்கிற கோஷ்டி உங்கள் பேச்சைக் கேட்பார்கள்.

சென்டரிங்:

எழுதித் தருகிறேன். ஆனால் தெரு முழுக்க ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதை எழுபது சதவீதம் என்று வையுங்கள். நூறு என்றால் ஒரே ஒரு ஆள் முரண்டு பிடித்தே விலை பேசுவார்.

நீலத்தாள்:

எழுபது நியாயம், ஒத்துக்கொள்கிறேன்.

ஜன்னல்சீட், கடிதத்துக்கு முன்னால் ஒரு வேலை. சர்வே ஆபீசில் எஃப்எம்பி (புல அளவு) வரைபட நகல் வாங்குங்கள், லேஅவுட் அப்ரூவல் படமும் கிடைத்தால் வாங்குங்கள். டேப்பை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு தெருவாகப் போய், சுவரிலிருந்து சுவருக்கு அளந்து அதிலேயே பென்சிலால் எழுதுங்கள். படத்தில் இருக்கிற அகலமும் தரையில் இருக்கிற அகலமும் வேறாக இருக்கும். படத்தில் 30, தரையில் 24 என்று சில தெரு வரும். அங்கே யாரும் நிலம் கொடுக்க வேண்டியதில்லை, ஏற்கெனவே தெருவாக எழுதிக் கொடுத்ததை விட்டுத் தந்தால் போதும். அந்தத் தெருக்களைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள். அதில் உங்கள் சங்கத் தலைவர் வீடு வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.